வெயில் விழும் பலகை

மஞ்சூர்ச் சாலைக்குக் கீழே, கேரட் வயல்கள் முடிகிற சரிவில், மாராத்தாள் என்றொரு அம்மா இருந்தார். கோபி ஊர்ப் பக்கத்துக்காரர். என்ன உபதேசம் செய்தார் என்று கேட்டால், போய் வந்தவர்கள் யாருக்கும் சொல்லத் தெரியாது. திட்டு வாங்கினேன் என்பார்கள். மறுபடியும் போவார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் குற்றாலிங்கம். தென்காசிக்காரர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். நெடுஞ்சாலைத் துறையில் பாலம் பாலமாகக் கட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தால் மனசு அடங்கும் என்று அந்த மலையில் ஒரு வீடு வாங்கினார். மனைவி ஆவுடையைக் கேட்கவில்லை. ஆனி மாதம் லாரிக்குச் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் சொன்னார்.

ஆவுடை வந்தாள். மழை முடிகிறவரை ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகை பிறந்து, பேசினால் வாயிலிருந்து புகை வர ஆரம்பித்த ஒரு காலையில் சொன்னாள்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்."

"போயிட்டு எப்ப வருவே?"

"வரலை."

"என்னட்டி, விளையாடுதியா?"

"நான் என்னத்த விளையாட? தம்பி வீட்டு மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. நீங்க உங்க அம்மாகிட்ட படிச்சு முடிச்சிட்டு மெதுவா வாங்க."

சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு இவரும் போட்டிருப்பார். அவள் போடவில்லை. குற்றாலிங்கம் தட்டில் இருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு மாராத்தாளிடம் ஓடினார்.

அம்மா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவ போறேங்கா."

"ஏன்?"

"குளிரு."

"குளுருதுன்னு சொன்னாளா?"

"சொல்லணுமாம்மா? காலைல பல்லு கிட்டிக்கிது."

"ம்."

"வீட்டுக்குப் பின்னால மரத்துல ஒரு தளம் போடப் போறேன். டெக்கும்பாங்க. கனடாவுல மக வீட்ல இருக்கு. சுத்திலும் பனி கெடக்கும், நடுவுல தீயைப் போட்டுக்கிட்டு அதுமேல உக்காந்திருப்பாங்க. அங்க போயிருந்தப்ப ஆவுடை வீட்டுக்குள்ளயே வரமாட்டா. அது மாதிரி ஒண்ணு போட்டுட்டா இருந்துருவா."

அம்மா ஒரு கோஸைப் பிளந்தார். உள்ளே புழு. தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"போடு."

போட்டார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் பரந்தது. ஆவுடை தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். ஆசாரி வந்தார், தேக்குப் பலகை வந்தது, அடியில் கொடுக்க இரும்பு வந்தது. இடம் தேடுவதில் குற்றாலிங்கத்துக்குக் குழப்பமே இல்லை. வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி வைத்தார். ஆனியில் குடிவந்தபோது அந்தச் சுவர் வெயிலில் காய்ந்து கிடந்தது நினைவிருந்தது. அதனால் தளத்தில் பாதிக்கு மேலே கூரை. மேற்கே ஒரு தட்டி. பக்கத்தில் பெரிய கற்பூர மரம், நல்ல நிழல். தென்காசியில் யாரும் இதைவிட நல்ல இடம் பார்த்திருக்க மாட்டார்கள்.

மார்கழி பிறந்தது. காலையில் கதவைத் திறந்தால், கூரைக்கு வெளியே நீண்டிருந்த பலகைகளில் உப்பைக் கொட்டிப் பரப்பினாற்போல் உறைபனி. கூரைக்கு அடியில் ஈரம். உச்சிப்பொழுது வந்தும் பனி கரையவில்லை. சூரியன் தெற்கே ஒதுங்கிவிட்டது. வீடு தன் நிழலைத் தூக்கித் தளத்தின் மேல் போட்டுக்கொண்டு நின்றது.

ஆவுடை வாசலில் நின்று பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாராத்தாளை அழைத்து வந்து காட்டினார். அம்மா தளத்தில் கால் வைக்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"கூரை எதுக்கு?"

"வெயிலுக்கும்மா."

"எந்த வெயிலுக்கு?"

குற்றாலிங்கம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"பொறந்ததுல இருந்து வெயிலுக்கு ஒளிஞ்ச ஆளு," என்றார் அம்மா. "அது வராத எடத்துலயும் போயி ஒளிஞ்சுக்குவே."

அன்றைக்கே கூரையைப் பிரித்தார். தட்டியைப் பிடுங்கினார். பலகைகளையும் கழற்றினார். வீட்டு நிழல் எட்டாத தூரத்தில், சரிவின் விளிம்பில் குச்சி நட்டு வெயிலின் பின்னாலேயே நடந்தார். காலை எங்கே விழுகிறது, மதியம் எங்கே நகர்கிறது, மேற்கு மலை எந்த நேரம் அதை வாங்கிக்கொள்கிறது. குச்சியும் கையுமாக அவர் போவதைப் பார்த்து, சாலையில் போகிறவர்கள் நிலம் அளக்கிறாரோ என்று நின்று பார்த்தார்கள்.

இந்தத் தடவை ஆவுடையையும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"கனடாவுல அந்த டெக்கு உனக்குப் புடிச்சிருந்துதுல்லா? அதுல என்ன புடிச்சிது?"

ஆவுடை வெளுத்த துணியை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"அங்க பக்கத்துல ஆள் இருந்தாக."

குற்றாலிங்கத்துக்கு மின்னல் வெட்டியது. ஆள்! வருகிற ஆட்களை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. அன்று மாலைக்குள் வரைபடத்தில் தளம் இரண்டு மடங்கு அகலமானது. மூன்று பக்கமும் பெஞ்சு. அடியில் இரும்பு இன்னும் தடித்தது. ஒரு கல்யாண கோஷ்டியே ஏறி நின்றாலும் தாங்கும்.

ஆசாரி இறக்கிவைத்த உத்திரங்களை ஆவுடை ஒரு பார்வை பார்த்தாள்.

"மேல லாரி எதுவும் திரும்புமா?"

"பலமா இருக்கணும்லா."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றாள்.

தளம் எழுந்தது. அழகாகத்தான் எழுந்தது, அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. காலையில் மலைக்கு மேலே வெயில் தலைகாட்டியதும் முதலில் தொடுவது அந்தப் பலகையைத்தான். பனி உருகி, ஆவி கிளம்பி, கொஞ்ச நேரத்தில் மரம் கைக்குக் கதகதப்பாக வரும். கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி பஞ்சு மாதிரி கிடக்கும். பெஞ்சின் முதுகுப் பலகையைக் கொஞ்சம் சாய்த்து, கறுப்பாக வர்ணம் பூசியிருந்தார். வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும், சாய்ந்தால் முதுகுக்கு ஒத்தடம் மாதிரி இருக்கும். நடுவில் தீ மூட்ட ஒரு இரும்புச் சட்டி.

ஆனால் காற்று வந்தது. சரிவில் இருந்து ஏறி வரும் காற்று. எந்தப் பக்கம் மறைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி அம்மாவிடம் போனார்.

அம்மா கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஒரு டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோயி உன்ற தளத்துல வெச்சுக்க. ஆறுற வரைக்கும் பக்கத்துல உக்காரு. வேற ஒண்ணும் பண்ணாத."

"இது போற வழியிலயே ஆறிருமேம்மா."

"அப்ப உன்ற வீட்ல வெந்நி வெச்சுக்க. போ."

மறுநாள் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"உக்காந்தியா?"

"உக்காந்தேம்மா."

"தண்ணி ஆறிச்சா?"

"ஆறிச்சு. ஆவி பூரா மேற்காம சாஞ்சுது. கெழக்குல ஒரு இடைவெளி இருக்கு, அது வழியாத்தான் காத்து வருது. கண்ணாடித் தடுப்பு வச்சுட்டா தீந்துது. நல்ல வழி சொன்னியளம்மா."

மாராத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று தெரியவில்லை.

"போயிட்டு வா," என்றார்.

கண்ணாடிக்குச் சொல்ல குற்றாலிங்கம் குன்னூர் போனார். மதியம் திரும்பியவர் வீட்டுக்குள் ஆவுடையைக் காணாமல் பின்பக்கம் வந்தார். அப்படியே நின்றார்.

அவள் தளத்தில் இருந்தாள். பெஞ்சில் காலைத் தூக்கி மடித்து வைத்து, கறுப்புப் பலகையில் சாய்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் பச்சைப் பட்டாணி. உரித்த தோல் ஒரு பக்கம். கை ஓய்ந்துபோய், கண்ணை மூடியிருந்தாள். வெயில் அவள் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. மூக்குத்தி மட்டும் மினுங்கியது. இந்த மலைக்கு வந்த பிறகு அவள் அப்படி இருந்து அவர் பார்த்ததில்லை.

குற்றாலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஓட்டமாக ஏறினார்.

"எப்படி இருக்கு? ஆ? முதுகுக்குச் சூடு தெரியுதா? காத்து எந்தக் காதுல படுது, சொல்லு. இரு, இரு, கொஞ்சம் தள்ளி உக்காந்து பாரேன், அந்த மூலைக்கு. அங்கன எப்படின்னு தெரியணும்."

ஆவுடை கண்ணைத் திறந்தாள். மூலைக்கு நகர்ந்தாள்.

"இப்ப?"

"தெரியல."

"அப்ப நடுவுல வா."

அவள் எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டாள். "அரிசி களையணும்," என்று உள்ளே போனாள். குற்றாலிங்கம் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கையை வைத்து, பலகை எவ்வளவு சுடுகிறது என்று பார்த்தார்.

கண்ணாடி வந்தது, பொருத்தினார்கள். ஆசாரி கூலி வாங்கிக்கொண்டு போனார். தளம் முடிந்தது என்று குற்றாலிங்கம் சொன்னபோது ஆவுடை சொன்ன வார்த்தைக்கு அவர் ஆடிப்போனார்.

"புது எடம். பால் காய்ச்ச வேண்டாமா?"

வேண்டாம் என்பாரா? குளித்து வேட்டி மாற்றி நின்றார். ஆவுடை நல்ல புடவை கட்டி, மேலே சால்வை போட்டு வந்தாள். பலகையில் மாக்கோலம் இட்டாள். சின்ன அடுப்பைக் கொண்டுவந்து வைத்தாள். புதுச் செம்பின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது. டம்ளர் இரண்டு. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"வாங்க, இப்படி வந்து நில்லுங்க. பொங்கும்போது பாக்கணும்."

நின்றார். பால் ஓரத்தில் நுரை கட்டியது. அப்போது அடுப்பின் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"காத்து வருது," என்றார்.

"வந்தா என்ன? எரியுதுல்லா."

"எங்க இருந்து வருது?" கண்ணாடிக்கும் கம்பத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். நூல் பிரமாணம் இடைவெளி. "ஒரு நிமிசம். ரப்பர் பட்டை உள்ள கெடக்கு. இதோ வந்துருதேன்."

"ஏங்க, பொங்கிரும்."

"ஒரே நிமிசம்ட்டி."

ரப்பர் பட்டை போட்ட இடத்தில் இல்லை. தேடி எடுத்து, அளவு பார்த்து வெட்டி, அவர் திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. செம்பின் வழியே பால் வழிந்து பலகையில் இறங்கியிருந்தது. ஆவுடை ஒரு டம்ளரைக் குடித்து முடித்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"பொங்கிட்டா?"

"பொங்கிட்டு."

"எந்தப் பக்கம்?"

"நான் ஒருத்திதான பாத்தேன்," என்றாள் ஆவுடை. "எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

அவருடைய டம்ளரில் பால் ஆடை கட்டியிருந்தது. மறுநாள் காலை, பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

குற்றாலிங்கம் அதன் பிறகு தளத்தை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். ஏதோ குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். சரம் சரமாக விளக்கு மாட்டினார், கழற்றினார். பெஞ்சுக்குக் கம்பளி விரித்தார். தீச்சட்டியின் புகை வீட்டுப் பக்கம் போகிறது என்று அதை இடம் மாற்றினார், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். நடந்தால் ஒரு பலகை முனகுவதுபோல் இருந்தது. எந்தப் பலகை என்று தெரியவில்லை. நடந்து நடந்து பார்த்தார். உள்ளே ஆவுடை புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்காமல் இருக்கவும் நடந்தார்.

நடந்து பார்த்தும் ஆகாமல், மாராத்தாள் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எல்லாம் பண்ணிட்டேன். வெயிலுக்கு வச்சேன். காத்தை மறிச்சேன். சூட்டுக்குச் சட்டி, உக்காரக் கம்பளி. இன்னும் என்ன கொறை?"

வாசலில் அம்மாவின் நாய் படுக்க இடம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அதைப் பாரு," என்றார் அம்மா. "படுக்கறதுக்கு முன்னால சுத்தும்."

"நானும் நாயுங்கியளாம்மா?"

"இல்ல. அது படுத்துரும்."

நாய் படுத்தது. குற்றாலிங்கம் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னிக்குப் போறா?"

"போகிக்கு முந்தின நாளு. சாயங்கால பஸ்ஸு."

"அன்னிக்கு வாரேன்," என்றார் அம்மா.

அந்த நாள் வந்தது. உச்சிப்பொழுதுக்கே பெட்டியும் பையும் கூடத்தில் கட்டித் தயாராக இருந்தன. கூடத்தின் வழியாகப் போகப் பிடிக்காமல் குற்றாலிங்கம் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு தளத்துக்கு அடியில் நுழைந்தார். மல்லாக்கப் படுத்து, நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினார். முனகுகிற பலகை இன்றைக்கு அகப்பட்டே தீரும். பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக அவர் மேல் விழுந்தது.

மேலே காலடிச் சத்தம். இரண்டு பேர். தூசி உதிர்ந்து கண்ணில் விழுந்தது.

"இங்கன இருங்கம்மா. இந்தப் பெஞ்சு முதுகுக்கு இதமா இருக்கும்."

ஆவுடையின் குரல். பெஞ்சில் இருவரும் அமர்ந்தார்கள். பள்ளத்தாக்கில் எங்கோ ஒரு குருவி விட்டு விட்டுக் கூப்பிட்டது.

"குளுருதா கண்ணு?" மாராத்தாள் கேட்டார்.

"இல்லம்மா. குளிரு பழகிட்டு. போன மாசமே பழகிட்டு."

"எடம் புடிக்கலியா?"

"இந்த எடமா? மத்தியானத்துல இங்கன வந்து இருந்தா எந்திரிக்கவே மனசு வராதும்மா."

"அப்பறம் ஏன் போற?"



"தென்காசில அவுக காலைல சைட்டுக்குப் போவாக. பாலம், பாலம்பாக. நான் ஒண்ணும் சொன்னதில்ல. ரிட்டையர் ஆகட்டும்னு இருந்தேன். இங்க வந்தா, சைட்டு வீட்டுக்குப் பின்னாலயே வந்துட்டு." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "அங்கயாவது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாகன்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். இங்க எதைப் பாத்து இருக்க?"

குற்றாலிங்கத்தின் கையில் ஸ்பானர் நட்டைக் கவ்வியபடி இருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. எடுக்கவும் இல்லை. மண்ணின் குளிர் முதுகில் ஏறியது. கண்ணில் விழுந்த தூசி உறுத்தியது, துடைக்கவில்லை. மூச்சு விட்டால்கூடக் கேட்டுவிடும் என்று கிடந்தார்.

மாராத்தாள் காலால் பலகையைத் தட்டினார்.

"லிங்கம்."

"அம்மா."

"உன்ற காலு வெளிய நீட்டிட்டு இருக்குது."

குற்றாலிங்கம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் வரும்போதே பாத்துட்டேன்," என்றாள் ஆவுடை. அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"கீழ என்ன வேலை?" அம்மா கேட்டார்.

"ஒரு பலகை முனகுதும்மா. முடுக்குதேன்."

"நாங்க ரெண்டு பேரும் மேல நடந்து வந்தோமே. முனகுச்சா?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"இல்ல."

"அப்பறம்?"

மேற்கு மலையின் பக்கம் சூரியன் சரிய, அவர் மார்பில் கிடந்த வெயில் கோடு தோளுக்கு நகர்ந்தது. இன்னும் கொஞ்சத்தில் அது மண்ணில் இறங்கிவிடும். எப்போது இறங்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை.

"அம்மா," என்றார். "இன்னும் என்ன செய்யணும்னு சொல்லிருங்க. எதைச் சொன்னாலும் கட்டிப்போடுதேன். அவ பஸ் ஏறாம இருக்கணும்."

இடுக்கு வழியே பார்த்தார். ஆவுடையின் முகம் தெரியவில்லை. பலகையில் பதிந்திருந்த அவள் பாதம் மட்டும் தெரிந்தது. அசையாமல் இருந்தது.

"பஸ்ஸு சாயங்காலந்தான்," என்றார் மாராத்தாள். "வெயில் இப்பப் போயிரும். மேல வா."